வட்டத்தில் எட்டு டிரெய்லர்கள்

ஜனவரி 24, 2026, சனி

காலையில் வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் எங்கள் வீட்டு டிரெய்லரின் கூரைமேல் ஏறி ஓரமெல்லாம் சீலன்ட் பூசினேன். போன வார மழையில் கட்டிலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. ஏணியைப் பிடித்துக்கொள்ள வந்த என் மனைவி கலா, அடுப்பில் பால் இருக்கிறது என்று பத்து நிமிடத்தில் உள்ளே போய்விட்டாள். ஐம்பத்தாறு வயதில் கூரையில் தவழ்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கை காட்டினார். நானும் காட்டினேன்.

மதியம் எங்கள் கேம்பிங் குழுவின் கூட்டம், கணினியில். எட்டுக் குடும்பம், எட்டு டிரெய்லர், இது ஏழாவது வருஷம். ஜூன் 5, 6, 7 என்று தேதி முடிவானது. இடம் வழக்கம்போல ஏரிக்கரை. அங்கே ஒவ்வொரு இடத்திலும் மின்சாரமும் தண்ணீரும் உண்டு, டிரெய்லர்கள் கரையோரமாக ஒரு தெரு மாதிரி நீளமாக நிற்கும். புக்கிங் பொறுப்பு இந்த வருஷம் என் தலையில். கோடைக்கால இடங்களை அந்தப் பூங்காவை நடத்தும் கவுன்டி நிர்வாகம் பிப்ரவரி முதல் திங்கள் காலை எட்டு மணிக்குத் திறக்கும். கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். "சாமி, எட்டு மணின்னா எட்டு மணி" என்று குழு நண்பன் வெங்கடாசலம் மூன்று தடவை சொன்னான். நான் என்னவோ நேற்றுத்தான் கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொண்டவன் மாதிரி.

ஜனவரி 29, வியாழன்

மகள் ஓவியா சான் ஹோசேயிலிருந்து சாப்பிட வந்தாள். ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள். அவள் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கும் சயந்தனின் அப்பா அம்மா ஜூன் மாதம் நியூ ஜெர்சியிலிருந்து வருகிறார்கள். நம் கேம்பிங்குக்கே வரட்டும் என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்துவிட்டார்களாம்.

சயந்தனை எனக்குப் பிடிக்கும். ஒரு வருஷமாகத் தெரியும். சாப்பிட்ட தட்டை அவனே கழுவுகிறான், கார் கதவை அறைந்து சாத்துவதில்லை. வீட்டார் யாழ்ப்பாணம், இருபத்தைந்து வருஷமாக நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில். அவர்களை இன்னும் பார்த்ததில்லை. ஹோட்டலில் சந்திப்பு, பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் வேண்டாம் என்கிறாள் ஓவியா. நாம் எப்படி இருக்கிறோமோ அப்படியே பார்க்கட்டுமாம்.

சரி என்றேன். அப்போதுதான் அடுத்ததைச் சொன்னாள். "ரெண்டு வருஷம் முன்னாடி நடந்தது சயந்தனுக்குத் தெரியும். அவங்க பேரன்ட்ஸுக்குத் தெரியாது. நீங்க சொல்லணும்ப்பா. நேர்ல. ஃபோன்ல வேண்டாம்."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அவள் போன பிறகு கலா பாத்திரம் துலக்கியபடியே, நிச்சயம் ஆன பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றாள். முதலிலேயே சொன்னால் பெண்மேல் ஏதோ குறை என்றுதான் நினைப்பார்கள் என்றாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்த வித்தையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

பிப்ரவரி 2, திங்கள்

இடம் போய்விட்டது. எட்டு இடமும்.

நடந்ததை நடந்தபடி இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு ஏழே முக்காலுக்கே கணினி முன்னால் உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு தயார், கிரெடிட் கார்டு மேஜைமேல். காபி டம்ளரை வைக்கச் சமையலறைக்குப் போனேன். ஃப்ரிட்ஜ் பக்கத்தில் கலாவின் தினசரி காலண்டர், ஊரிலிருந்து வருஷா வருஷம் வருவது. திங்கட்கிழமை. ராகு காலம் 7.30 – 9.00.

அந்தக் காலண்டரை முப்பது வருஷமாகக் கேலி செய்கிறவன் நான். ஓவியாவுக்கு முதலில் பேசிய சம்பந்தத்தின்போது, ஜாதகம் பார்க்க வேண்டாமா என்று மச்சான் கேட்டார். அமெரிக்காவில் சனி பகவானுக்கு விசா கிடையாது என்றேன். கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் நன்றாகச் சிரித்தேன். கல்யாணத்துக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது அந்தப் பையன் எனக்கு இன்னும் மனசு தயாராகவில்லை என்று ஒரு மெசேஜ் அனுப்பினான். டெக்சாஸிலிருந்து, இரண்டு வரி. முந்நூறு பேருக்கு நான் ஈமெயில் எழுதினேன். குழுவின் மற்ற ஏழு குடும்பமும் அதில் உண்டு.

நான் அப்பவே சொன்னேனே என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. கலாவும் சொல்லவில்லை, மச்சானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன்.

இன்றைக்கு எடுக்கப்போகும் இடத்தில்தான் சயந்தன் வீட்டார் எங்களை முதன்முதலாகப் பார்க்கப் போகிறார்கள். கை மௌஸுக்குப் போகவில்லை. எட்டு மணி. எட்டு ஐந்து. எட்டு இருபது. முட்டாள், அழுத்துடா என்று எனக்கு நானே சொன்னேன். அழுத்தவில்லை. ஒன்பது ஒன்றுக்கு அழுத்தினேன். ஜூன் முதல் வாரம் முழுக்கச் சிவப்பு.

குழுவுக்கு எழுதினேன்: "வெப்சைட் தொங்கிவிட்டது. எவ்வளவோ முயன்றேன்." கலாவிடமும் அதையேதான் சொன்னேன். பாவம் நீங்க என்றாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

கவுன்டிக்குப் புகார் எழுதியே ஆக வேண்டும் என்கிறான் வெங்கடாசலம். எழுதினேன். என்ன கெட்ட காலமோ.

பிப்ரவரி 11, புதன்

கவுன்டியிலிருந்து பதில் வந்தது. நல்லவேளை எனக்கு மட்டும். அன்று காலை அவர்கள் பக்கத்தில் கோளாறு எதுவும் இல்லையாம், எட்டிலிருந்து எட்டே காலுக்குள் எல்லா இடமும் பதிவாகிவிட்டதாம். என் கணக்கில் முதல் விண்ணப்பம் வந்தது 9.01க்கு. தகவலுக்காகச் சொல்கிறார்களாம். மிகவும் மரியாதையான கடிதம்.

வெங்கடாசலத்திடம் இன்னும் பதில் வரவில்லை என்றேன். ஒரு பொய்யை நிற்க வைக்க ஒன்பது பொய் முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 7, சனி

வேறு இடம் கிடைத்திருக்கிறது. லிவர்மோருக்குத் தெற்கே மலையைத் தாண்டி ஒன்றரை மணி நேரம், ஒரு மாட்டுப் பண்ணை. பண்ணைக்காரர் தன் புல்வெளியில் டிரெய்லர்களுக்கு இடம் விடுகிறார். நானும் கலாவும் போய்ப் பார்த்தோம். பச்சைப் பசேலென்று இருக்கிறது. ஜூனில் காய்ந்து சருகாகியிருக்கும், பரவாயில்லை. ஒரு தண்ணீர்க் குழாய், இரண்டு கழிப்பறை. மின்சாரம் கிடையாது. ஜெனரேட்டர் இரவு எட்டு மணிக்கு அணைத்துவிட வேண்டும், கன்று போட்ட மாடுகள் மிரளுமாம்.

இன்னொரு சங்கதி. நடுவில் அடுப்புக் குழி, அதைச் சுற்றி வட்டமாக எட்டு இடம். எல்லாக் கதவும் வட்டத்தைப் பார்த்துத் திறக்கும்படி நிறுத்த வேண்டும் என்கிறார். திரும்பி வரும்போது மலைப் பாதை முழுக்க எனக்கு அந்த வட்டம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஏரிக்கரை என்றால் வேண்டியவரைப் பக்கத்தில் வைக்கலாம், மற்றவரைக் கடைசியில் வைக்கலாம். இங்கே எங்கே நின்றாலும் எல்லாரும் எல்லாருக்கும் எதிரில்.

மார்ச் 9, திங்கள்

குழு ஒப்புக்கொண்டது. முன்பணம் கட்டியாயிற்று.

ஏப்ரல் 12, ஞாயிறு

இடம் ஒதுக்கும் வேலை. கட்டம் போட்ட தாளில் வட்டம் வரைந்து எட்டு எண் போட்டேன். எங்கள் டிரெய்லரை சயந்தனின் அப்பா அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, நானும் கலாவும் பின்னால் கூடாரத்தில் படுப்பதாக ஏற்பாடு.

குழுவில் வந்த கோரிக்கைகள்: கழிப்பறைக்குப் பக்கத்தில் வேண்டும். கழிப்பறைக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். கறி சுடும் அடுப்பின் புகை வராத பக்கம் வேண்டும், சைவம். கதவு தெற்கே பார்க்கக் கூடாது. கடைசிக்காரருக்குப் போன் போட்டு, வட்டத்தில் யாரோ ஒருவருக்குத் தெற்கு வந்துதான் தீரும் என்று விளக்கினேன். அது அவர்களுக்கு வரட்டுமே என்றார்.

இதெல்லாம் வெளியில் சொல்கிற கணக்கு. என் கணக்கு வேறு. நின்றுபோன கல்யாணத்தைப் பற்றி யார் வாய்தவறி உளறுவார்கள்? அவரை எங்கள் டிரெய்லரிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்கலாம்?

வெங்கடாசலத்தின் மனைவி வள்ளி. நல்லவள்தான். இரண்டு வருஷம் முன்பு முதல் ஆளாக எங்கள் வீட்டுக்கு வந்து, பத்து நாள் எங்களுக்குச் சமைத்துப் போட்டாள். ஆனால் ஓட்டை வாய். கத்திரிக்காய் விலையில் ஆரம்பித்தால் கடைசியில் யார் வீட்டு விவாகரத்திலோ வந்து நிற்பாள். எங்கள் இடம் 1. வள்ளிக்கு அதிக தூரமாக 5 கொடுத்தேன்.

பிறகுதான் உறைத்தது. வட்டத்தில் அதிக தூரம் என்றால் நேர் எதிர். அவள் கதவைத் திறந்தால் எதிரே சயந்தன் வீட்டார் கதவு.

ஏப்ரல் 19, ஞாயிறு

வள்ளியை 2க்கு மாற்றினேன். அதாவது பக்கத்துவீடு. அழித்துவிட்டு 4. அங்கிருந்து குழாய்க்குப் போகும் வழி எங்கள் வாசல். அழித்தேன். 3 என்றால் கறியடுப்பு, அவள் சைவம். தாளில் ஓட்டை விழுந்துவிட்டது. மறுபடி 5.

என் மகள் வாழ்க்கையை டிரெய்லர் நிறுத்துமிடம் போட்டு மறைக்கப் பார்க்கிறேன். பேசாமல் சொல்லித் தொலைத்தால் என்ன?

சொல்லலாம். சொல்லி, அவர்கள் ஒரு மாதிரிப் பார்த்து, ஓவியா மறுபடி அந்த அறைக் கதவைச் சாத்திக்கொண்டு - அந்த மூன்று மாதம். சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு நின்றது. எனக்கு பயமாத்தான் இருக்கு. வேற ஒண்ணுமில்ல.

ஏப்ரல் 26, ஞாயிறு

கலா வள்ளியிடமே நேராகப் பேசிவிட்டாள். அவர்களுக்கு இன்னும் தெரியாது, பார்த்துக்கொள் என்று. வள்ளி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நான் வாயே திறக்க மாட்டேன்" என்றாளாம். கேட்டதும் என் பயம் இரண்டு மடங்காகிவிட்டது.

மே 16, சனி

புதுச் சிக்கல். சயந்தன் போன் செய்தான். அவன் அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் தொந்தரவு, இரவில் மூக்கில் ஒரு மெஷின் மாட்டிக்கொண்டுதான் படுப்பார். மின்சாரம் இல்லாவிட்டால் அவர் வராமலே இருந்துவிடட்டுமா என்று கேட்டான். பாவம், தயங்கித் தயங்கிக் கேட்டான்.

ஏரிக்கரையில் இந்தப் பேச்சே வந்திருக்காது.

வரச் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டேன். பவர் ஸ்டேஷன் என்று ஒரு பெரிய பேட்டரி வாங்கினேன், சூட்கேஸ் அளவு. அதே வகை மெஷினை ஆபீசில் ஒருவரிடம் இரவல் வாங்கிக் கூடத்தில் ஓடவிட்டேன். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஓடியும் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. இரண்டு இரவு தாராளமாகப் போதும்.

ஜூன் 4, வியாழன்

விமான நிலையம். சயந்தனின் அப்பா அரியரட்ணம் உயரமாக, ஒல்லியாக இருக்கிறார், எழுபது வயது இருக்கும். இலங்கையில் சர்வேயர், இங்கே சாலை போடும் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெஷின் பையை யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அவர் மனைவி தவமணிதேவி எங்கள் ஓவியாவின் தாடையைத் தொட்டுப் பார்த்தார். கலாவுக்கு முறுக்கு, எனக்கு ஒரு சட்டை. அளவு எப்படித் தெரிந்ததோ, சரியாக இருக்கிறது.

காரில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பின் சீட்டில் இரண்டு அம்மாக்களும் புளிக்குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சொல்லவில்லை.

ஜூன் 5, வெள்ளி

பண்ணை. எட்டு டிரெய்லரும் மூன்று மணிக்குள் வந்துவிட்டன. பின்னால் எடுத்து நிறுத்துவதற்குள் வழக்கமான கூத்து. ஒருவர் ஓட்ட, ஏழு பேர் ஏழு திசையில் கை காட்டினோம். சக்கரத்துக்குக் கட்டை வைத்து மட்டம் பார்க்கும்போது அரியரட்ணம் வந்து குனிந்து பார்த்தார். இடப் பக்கம் அரை அங்குலம் இறக்கம் என்றார். மட்டப் பலகை வைத்துப் பார்த்தேன், அரை அங்குலமேதான்.

சாயங்காலம் எல்லாரும் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். தோசை, தேங்காய்ச் சட்னி, பொரித்த கோழி. பேச்சும் சிரிப்பும் நன்றாகவே இருந்தது. வள்ளி சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். தவமணிதேவி போய் ஊர் எது என்று கேட்டதற்கு, கோபி என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு டிரெய்லருக்குள் போய்விட்டாள். எனக்கு நிம்மதி.

ஓவியா என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு பார்வை பார்த்தாள். நாளைக்கு என்று கையால் காட்டினேன்.

ஜூன் 6, சனி

காலை ஆறே காலுக்குக் கூடாரத்தை விட்டு வெளியே வந்தால், அரியரட்ணம் கம்பளியைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கண் சிவந்திருக்கிறது. மெஷின் இரண்டு மணிக்கே நின்றுபோய்விட்டதாம். அதற்குமேல் படுக்கப் பயந்து வெளியே வந்து உட்கார்ந்தவர், எங்களை எழுப்பவில்லை.

ஓடிப்போய்ப் பேட்டரியைப் பார்த்தேன். பூஜ்யம். காரணம் பிறகுதான் தெரிந்தது. மாலையில் முப்பது பேருக்குச் சட்னி அரைக்க வெங்கடாசலம் அதை எடுத்துப்போய் மிக்ஸியை ஓட்டியிருக்கிறான். பிறகு டீக்கு மின்சாரக் கெட்டில், மூன்று தடவை. பொதுச் சொத்து என்று நினைத்தானாம். எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தும் விட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இது எதற்கு என்று நான் யாரிடம் சொன்னேன்?

டீ போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு, "கரண்ட் இருக்கிற இடம் ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

கிடைக்கவில்லை, வெப்சைட் - என்று ஆரம்பித்தேன். அந்தச் சிவந்த கண்ணைப் பார்த்துக்கொண்டு அதை முடிக்க முடியவில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏரிக்கரை, காலண்டர், எட்டு மணி, ஒன்பது ஒன்று. அதற்குக் காரணம் சொல்லப்போய் அந்தக் கல்யாணம். பத்தொன்பது நாள், இரண்டு வரி மெசேஜ், முந்நூறு பேர். ஓவியா மூன்று மாதம் வேலைக்குப் போகாதது. நேரில் சொல்லச் சொல்லி அவள் கேட்டதும், நான்கு மாதமாக நான் நழுவியதும். ஒரே மூச்சில் வந்தது.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு கேட்டது: "பெப்ரவரி இரண்டாந் தேதி இஞ்சை சூரியன் எத்தினை மணிக்கு உதிச்சது?"

ஏழு பத்து இருக்கும் என்றேன். அஸ்தமனம் எப்போது என்றார். ஐந்தரை. விரலால் தொடையில் ஏதோ கணக்குப் போட்டார்.

"பகலை எட்டாப் பிரிச்சுத்தான் ராகு காலம் பாக்கிறது. ஏழரை எண்டது ஆறு மணிக்கு விடியிற ஊருக்குப் போட்ட கணக்கு. இஞ்சை அண்டைக்கு எட்டரைக்குத்தான் துவங்கியிருக்கும். நீங்கள் எட்டு மணிக்குச் செய்திருந்தால் ஒண்டுமில்லை. ஒன்பது மணிக்குச் சரியா நடுவிலை போய்க் குந்தியிருக்கிறியள்."

என்ன முகத்தோடு இருந்தேன் என்று தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. மற்றதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் எழுந்தார். "நான் தேவியோடை கதைக்கவேணும்" என்று உள்ளே போனார்.

அதே நாள், சாயங்காலம்

இரண்டு பேரும் பண்ணை வேலியோரமாக நடக்கப் போனார்கள். ஒன்றரை மணி நேரம். நான் டிரெய்லரின் சக்கரக் கட்டைகளைக் காரணமில்லாமல் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் நின்றதை அவர்களிடம் சொல்லிவிட்டேன் என்று கலாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், அப்படியே கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பி வந்த தவமணிதேவி அம்மாவின் முகம் சரியாக இல்லை. மதியம் சாப்பிட வரவில்லை. பிரியாணியைத் தட்டில் எடுத்துக்கொண்டு நான்தான் கதவைத் தட்டினேன். வாசலில் நின்றபடியே சொன்னார்: "கலியாணம் நிண்டது உங்கட பிள்ளையின்ரை பிழையில்லை. எனக்கு அது விளங்கும். ஆனா நேற்று இந்த வட்டத்திலை இருந்த எல்லாருக்கும் தெரியும். நாங்கள் ரண்டு பேரும்தான் ஒண்டும் தெரியாமல் நடுவிலை இருந்து சிரிச்சனாங்கள்."

வள்ளி ஒரு சொல்லோடு எழுந்து போனதைப் பார்த்து, யாழ்ப்பாணத்தார் என்று ஒதுக்குகிறாளாக்கும் என்று நினைத்தாராம். ராத்திரி முழுக்க அதுவே மனதில் இருந்ததாம்.

மன்னிச்சுக்குங்கம்மா என்றேன். தட்டை வாங்கிக்கொண்டார். கதவைச் சாத்திக்கொண்டார்.

வள்ளியைப் போய்ப் பார்த்தேன். நீ இனிமேல் பேசலாம் என்று சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். நேற்றிலிருந்து ஒருவரிடமும் பேசாமல் தலைவலியே வந்துவிட்டதாம். ஏழு வருஷப் பழக்கத்தில் இவளை எந்த எண்ணில் தள்ளி வைக்கலாம் என்று தாளில் ஓட்டை விழும்வரை அழித்தவன் நான். உளறியது அவளில்லை. கெடுத்ததும் அவளில்லை.

ஓவியா தண்ணீர்க் குழாயடியில் வந்து நின்றாள். "சொல்லிட்டீங்களா?"

சொல்லிட்டேன். லேட்டா சொல்லிட்டேன். அவங்களுக்கு வருத்தம்.

சயந்தன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கிறான் என்றாள். பிறகு என் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு நடந்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் பெண்ணின் நடையாக அது இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

பேட்டரியை எங்கள் பிக்கப் வண்டியின் மின்னிணைப்பில் மாட்டி மதியம் முழுக்கச் சார்ஜ் செய்தேன். அதன்மேல் ஒரு காகிதம் ஒட்டினேன்: அரியரட்ணம் ஐயாவின் மெஷினுக்கு மட்டும்.

ஜூன் 7, ஞாயிறு

அவர் நன்றாகத் தூங்கினாராம். முதலில் இதை எழுத வேண்டும்.

காலை உப்புமாவின்போது எல்லாரையும் வட்டத்தில் வைத்துக்கொண்டு, வெப்சைட் தொங்கவில்லை, நான்தான் தொங்கினேன் என்று ஒப்புக்கொண்டேன். அரியரட்ணத்தின் கணக்கையும் சொன்னேன். வெங்கடாசலம் உப்புமா தட்டோடு என்னையே பார்த்தான். "கம்ப்ளைன்ட் வேற எழுத வெச்சேனே சாமி" என்றான். பிறகு அவன்தான் முதலில் சிரித்தான். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. கலா மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் காலண்டரில் தான் கிருத்திகை என்றைக்கு என்று மட்டும்தான் பார்ப்பதாகச் சொன்னாள். நான்கு மாதமாக அவளிடமும் பொய் சொல்லியிருக்கிறேன், அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. இருக்கட்டும்.

தவமணிதேவி அம்மா சிரித்தாரா என்று நான் பார்க்கத் துணியவில்லை. ஆனால் சாப்பிட்டு முடித்துத் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வட்டத்தைக் குறுக்கே கடந்து போய், 5இல் வள்ளிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. வள்ளி ஒரு மணி நேரம் பேசினாள். என் வீட்டுக் கதையெல்லாம் சொல்லியிருப்பாள். சொல்லட்டும்.

பத்து மணிக்குமேல் தவமணிதேவி அம்மா கலாவைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் பாத்திரத்தைக் குழாயடிக்கு எடுத்துப் போனார்கள். அங்கே நடந்தது கலா பிறகு என்னிடம் சொன்னது.

அந்தக் கல்யாணத்துக்குச் சேலை எடுத்திருந்தீர்களா என்று கேட்டாராம். எடுத்தோம், இரண்டு வீட்டாரும் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்து எடுத்த முகூர்த்தப் பட்டு, ரவிக்கை தைக்க வேண்டும் என்று எங்களிடம் இருந்தது, அதோடு கல்யாணம் நின்றுபோனது என்று சொல்லியிருக்கிறாள். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. எங்கள் அலமாரியின் மேல்தட்டில்தான் இருக்கிறது. கலா அதை இரண்டு வருஷமாகப் பிரித்துப் பார்க்கவுமில்லை, தூக்கிப் போடவுமில்லை. இதைச் சொல்லும்போது குழாயடியிலேயே அழுதிருக்கிறாள்.

தவமணிதேவி அம்மா அவள் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாராம்: "அதை ஆருக்காவது குடுத்துவிடுங்கோ. ஓவியாவுக்குக் கூறைச்சேலை நாங்கள்தான் எடுக்கிறது. அது எங்கட வழக்கம்."

கலா இதை என்னிடம் மூன்று தடவை சொன்னாள். மூன்றாம் தடவை அவர் மாதிரியே சொல்லிப் பார்த்தாள்.

வண்டி கட்டும்போது அரியரட்ணம் டிரெய்லரைப் பிணைக்கும் ஹிட்ச் கொக்கியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். சரியாகத்தான் மாட்டியிருந்தேன்.

ஜூன் 8, திங்கள்

டிரெய்லரைக் கழுவினேன். கழிவுத் தொட்டியைக் காலி செய்தேன். இடுப்பு வலி.

ஜூன் 13, சனி

கலா அந்தப் பட்டை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு தனியாகக் கோவிலுக்குப் போனாள். அம்மனுக்குச் சாத்தக் கொடுத்துவிட்டு, வெறும் பையை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

மதியம் பார்சிப்பனியிலிருந்து போன். நாற்பது நிமிடம். கூறைக்கு அரக்கு நிறமா, மாம்பழ மஞ்சளா என்று போய்க்கொண்டிருந்தது. ஓவியாவும் நடுவில் சேர்ந்துகொண்டு, எதுவானாலும் கனமில்லாமல் வாங்குங்கள் என்றாள். தேதியைப் பற்றி யாரும் பேசவில்லை. ரவிக்கையை அங்கேயே தைத்துவிடுகிறார்களாம், அளவுக்கு ஒன்று வேண்டுமாம்.

ஓவியாவின் பழைய பீரோவைக் குடைந்து சரியாகப் பொருந்தும் ஒரு ரவிக்கையைக் கலா கண்டுபிடித்தாள். கைப் பக்கம் கால் அங்குலம் தளர்த்தி வைக்கும்படி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஊசியால் குத்தினாள். மடித்து உறையில் போட்டாள். விலாசம் நான் எழுதினேன். திருமதி தவமணிதேவி அரியரட்ணம், பார்சிப்பனி, நியூ ஜெர்சி.

தபால் ஆபீஸ் மூட இருபது நிமிடம் இருந்தது. உடனே கிளம்பினோம்.